பெப்டைடின் வடிவம்: காந்தத்துக்கு முன்பே பாதி வேலை

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் காரைக்குடிக் காற்றில், லயோஃபிலைஸ் செய்த (உறையவைத்து உலர்த்திய) பெப்டைட் (அமினோ அமிலச் சங்கிலி) பொடி பல நேரம் குப்பியைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும். திண்மநிலை என்.எம்.ஆர். (திடப் பொடியைப் பெரிய காந்தத்துக்குள் வைத்து மூலக்கூறின் வடிவம் பார்க்கும் சோதனை) எடுக்க வெளியூருக்கு மாதிரி அனுப்பும் மாணவர்கள் முதலில் இதைக் கவனிக்க வேண்டும். குப்பியை பாராஃபிலிம் சுற்றி, சிலிகா ஜெல்லோடு இன்னொரு டப்பாவில் வைத்து அனுப்புங்கள். பொடியில் இல்லாத ஒழுங்கை எவ்வளவு பெரிய காந்தமும் காட்டாது.

லயோஃபிலைஸ் செய்த பொடியில் மூலக்கூறுகள் பல வடிவங்களில் உறைந்து கிடக்கும். என்.எம்.ஆர். நிறமாலையில் கார்பன் கோடுகள் 2, 3 பிபிஎம் (கோட்டின் இடத்தை அளக்கும் அலகு) வரை அகலும். மெத்தனால்-தண்ணீரில் மெதுவாக ஆவியாக்கிப் படிகமாக்கினால் அதே கோடுகள் 1 பிபிஎம்முக்குள் வந்துவிடும். படிகத்தைக் கல்வத்தில் போட்டு அழுத்தி அரைக்காதீர்கள். படிகக் கரைப்பான் வெளியேறி வேறு வடிவம் வந்துவிடலாம். ஒரு கார்பனுக்கு இரண்டு கோடு தெரிந்தால் உடனே மாசு என்று முடிவு கட்ட வேண்டாம். படிக அலகில் இரண்டு தனித்தனி மூலக்கூறுகள் இருக்கலாம், இரண்டு படிக வடிவங்கள் கலந்தும் இருக்கலாம். அதே பொடியில் எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் எடுத்தால் தெரிந்துவிடும். 162 பிபிஎம் பக்கம் கோடு வந்தால் எச்.பி.எல்.சி. சுத்திகரிப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த டி.எஃப்.ஏ.வை (ட்ரைஃப்ளூரோ அசெட்டிக் அமிலம்) சந்தேகியுங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து இரண்டு மூன்று முறை லயோஃபிலைஸ் செய்தால் பெரும்பாலும் போய்விடும்.

மாதிரியை அடைத்துச் சுழற்றும் 4 மி.மீ. சிர்க்கோனியா ரோட்டருக்கு 50 முதல் 80 மி.கி. வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஒரே சீராக அழுத்துங்கள். ஒரு பக்கம் கனத்தால் ரோட்டர் நிலையாகச் சுழலாது. ரோட்டர் காந்தப்புலத்துக்குச் சாய்ந்து சுழலும் 54.74 பாகைக் கோணத்தைப் பொட்டாசியம் புரோமைடு வைத்துச் சரிபார்த்த பிறகுதான் மாதிரியைப் போட வேண்டும்.

சுழல் வேகத்தில் பலர் சறுக்குகிறார்கள். 400 மெகா ஹெர்ட்ஸ் கருவியில் கார்பனின் அதிர்வெண் 100 மெகா ஹெர்ட்ஸ்; 1 கிலோ ஹெர்ட்ஸ் என்பது 10 பிபிஎம். 12 கிலோ ஹெர்ட்ஸில் சுழற்றினால் 175 பிபிஎம்மில் இருக்கும் கார்போனைலின் பக்கப்பட்டை (சுழல் வேகத்தின் அளவு தள்ளித் தோன்றும் போலிக் கோடு) 55-இல், ஆல்ஃபா கார்பன்கள் (அமினோ அமிலத்தின் நடுக் கார்பன்கள்) மேலேயே விழும். 8-இல் சுழற்றினால் இரண்டாவது பக்கப்பட்டை 15-இல், அலனின் மெத்தில் மேல் ஏறும். 10 கிலோ ஹெர்ட்ஸ் நல்லது. அப்போது பக்கப்பட்டை விழும் 75 பெரும்பாலும் காலி இடம்.

கோடு விழும் இடமே சங்கிலியின் வடிவத்தைச் சொல்லும். பாலி அலனினில் (அலனின் மட்டுமே கோத்த சங்கிலி) ஆல்ஃபா சுருளுக்கு ஆல்ஃபா கார்பன் 52.4, அதையடுத்த பக்கச் சங்கிலியின் பீட்டா கார்பன் 14.9, பீட்டா தாளுக்கு 48.2, 19.9. இவை டி.எம்.எஸ். (டெட்ராமெத்தில்சிலேனைப் பூச்சியமாக வைத்த) அளவுகோலில். அளவுகோலைப் பொருத்தப் பயன்படும் அடமன்டேனின் சி.எச்.2 கோட்டை 38.48 என்று வைத்தால் டி.எம்.எஸ்., 40.48 என்று வைத்தால் டி.எஸ்.எஸ். என்ற இன்னொரு அளவுகோல். இந்த 2 பிபிஎம் குழப்பம் வடிவத்தையே மாற்றிச் சொல்ல வைத்துவிடும். ஆல்ஃபாவிலிருந்து பீட்டாவைக் கழித்துப் பாருங்கள்: சுருளுக்கு 37.5, தாளுக்கு 28.3. அளவுகோல் பிழை கழிந்துவிடும்.

ஆனால் இரண்டு மூன்று அமினோ அமிலப் பெப்டைடில் முனைகளும் படிக அடுக்கும் இந்த எண்களை நகர்த்தும். 1963-இல் ஜி. என். ராமச்சந்திரன் குழு சென்னையில் வரைந்த, சங்கிலியின் திருப்பக் கோணங்களைக் காட்டும் படத்தில் ஒரு புள்ளியை உறுதியாக வைக்க ரெடார் (REDOR) என்ற என்.எம்.ஆர். முறையில் இரண்டு அணுக்களுக்கிடையே தூரம் அளப்பதே எங்கள் பரிந்துரை. கார்பன்-13, நைட்ரஜன்-15 இடையே 2.5 ஆங்ஸ்ட்ராமில் காந்த இணைப்பு (தூரம் கூடக் குறையும்) ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ், 4 ஆங்ஸ்ட்ராமில் 48. பக்கத்து மூலக்கூறின் நைட்ரஜன் குறுக்கிடாதிருக்க, இந்த ஐசோடோப்புகளால் குறியிட்ட பெப்டைடு ஒரு பங்குக்குச் சாதாரணம் ஒன்பது பங்கு சேருங்கள். கரைசலில் கலந்து பிறகு படிகமாக்க வேண்டும். இரண்டு பொடிகளைக் கலந்தால் ஒவ்வொரு படிகத்துக்குள்ளும் குறியிட்ட மூலக்கூறுகளின் நெருக்கம் அப்படியே இருக்கும்.