நாத்தனார் பாதியில் நிற்கிறார்

கல்யாண வீடியோவில் ஒரு காட்சி எந்த ஃபிரேமில் தொடங்கி எந்த ஃபிரேமில் முடிய வேண்டும் என்பதை எடிட்டர்தான் முடிவுசெய்கிறார் என்று வெளியூர்களில் நம்பிக்கொண்டிருக்கலாம். எங்கள் காரைக்குடிப் பக்கம் அந்த உரிமை பெண்ணைப் பெற்ற ஆச்சிக்கே உரியது.

கானாடுகாத்தானில், வளவு வைத்த பெரிய வீடு ஒன்றில் நடந்த கல்யாணம். திருப்பூட்டுவதற்கு, அதாவது தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால், ஆச்சியின் நாத்தனார் கண்டாங்கிச் சேலையில், வெள்ளித் தட்டை ஏந்தியபடி தூணுக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நிதானமாக நடந்து வந்து, பாதி வழியில் நின்று மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குறுக்கே வந்த பையனை ஓர் அதட்டு அதட்டிவிட்டு, மறுபடியும் நடக்கிறார். நல்ல காட்சிதான், நீளம் மட்டும் தாங்காது. கண்ணாடியில் அவர் கை படும் இடத்தில் ‘ஓ’ விசையைத் தட்டி, காட்சி அங்கே முடிகிறது என்று குறிக்கும் அவுட் பாயிண்ட் வைத்துவிட்டு, நேரே கெட்டிமேளத்துக்குப் போய்விட்டேன்.

முதல் பிரதியைப் பார்க்க வந்த ஆச்சி அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தம்பி, எங்க நாத்தனா பாதியிலயே நிக்கிறாக. மிச்சத்தை எங்க போட்டீக?”

எதுவும் அழிவதில்லை, இன், அவுட் என்ற தொடக்க, முடிவுப் புள்ளிகளுக்கு வெளியே இருப்பது மறைந்துதான் இருக்கிறது என்று விளக்கி, காட்சித் துண்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் அந்தக் கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். நாத்தனார் நடந்தார். ஆச்சி நாற்காலியை எனக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

அதன்பின் நடந்தது எடிட்டிங் அன்று, பாகப்பிரிவினை. ரிப்பிள் முறையில் இழுத்தால் பின்னால் உள்ள காட்சிகளெல்லாம் தள்ளிப்போகும். நாதஸ்வரத் தடம் பூட்டப்பட்டிருந்ததால் படம் மட்டும் நகர்ந்து, கெட்டிமேளம் கொட்டி ஓய்ந்த பிறகு சாவகாசமாகத் திருப்பூட்டினார்கள். ரோல் முறையில் இரண்டு கிளிப்புகளுக்கு நடுவிலுள்ள எல்லையை மட்டும் நகர்த்தினால் மொத்த நீளம் மாறாது, ஆனால் இந்தப் பக்கம் ஏறுவது அந்தப் பக்கம் குறையும். அந்தப் பக்கம் இருந்தவர் மாப்பிள்ளையின் அப்பத்தா.

“ஐயையோ, அவுகளைத் தொட்டுறாதீக!”

மிஞ்சியது ஸ்லிப். கிளிப்பின் இடமும் நீளமும் அப்படியே இருக்க, இன், அவுட் இரண்டும் சேர்ந்து நகரும்; நாத்தனார் அதட்டுவார், நடப்பார், ஆனால் தூணிலிருந்து வெளிப்பட மாட்டார். ஆச்சிக்குத் தூணும் வேண்டும், அதட்டலும் வேண்டும். நொடிக்கு 25 ஃபிரேம் என்று தெரிந்துகொண்டதும், புடவைக் கடையில் விலை பேசுவது போல ஒவ்வொரு ஃபிரேமாகப் பேரம் பேசினார். ஒன்றில் நாத்தனாருக்கு இமை மூடியிருந்தது, அடுத்ததில் அரைக்கண், அதற்கடுத்ததில் கண் திறந்தது, வாய் கோணிக்கொண்டது.

கடைசியில் ரிப்பிளிலேயே நாத்தனாரை முழுதாக நடக்கவிட்டு, நாதஸ்வரத்தைப் படத்துக்கு ஏற்றபடி தள்ளி வைத்தேன். ஆச்சிக்கு அதுவும் பற்றவில்லை.

“இன்னும் கொஞ்சம் இழுங்க தம்பி, அவுக மணவறைக்கிட்ட வந்து தட்டை வைக்கணும்ல.”

ஓரம் அதற்கு மேல் அசையவில்லை. கேமரா அதோடு நின்றிருக்கிறது, இதற்குப் பிறகு ஒரு ஃபிரேம்கூடக் கிடையாது ஆச்சி என்றேன்.

ஆச்சி கைப்பையிலிருந்து போனை எடுத்தார். “அந்தக் கேமராக்காரத் தம்பி நம்பரைச் சொல்லுங்க. நாத்தனாவும் ஊர்லதான் இருக்காக, சேலையும் இருக்கு.”