தராசில் வைத்த பிறகே பணம் கொடுங்கள்: மாடித்தள வெப்பத்தடுப்பு அனுபவம்

வேலூரில் வீடு கட்டுகிறவர்களுக்குச் சுவரைவிட மாடித்தளமே பெரிய கவலை. வரைபட அனுமதி, வங்கிக் கடன், ஏஏசி எனப்படும் லேசான கான்கிரீட் பிளாக் சுவர் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. மாடியில் வெப்பத்தடுப்புப் பலகை பதிக்கும் வேலைதான் என்னைப் படாதபாடு படுத்திவிட்டது.

உட்புறம் ஃபால்ஸ் சீலிங் போட்டால் போதுமே என்று பலரும் சொன்னார்கள். அதனால் அறைக்குள் இறங்கும் வெப்பம் ஓரளவு குறையுமே தவிர, கான்கிரீட் தளம் பகலில் காய்ந்து விரிவதும் இரவில் சுருங்குவதும் நிற்காது. ஆகவே தளத்தின் மேற்புறத்திலேயே 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் பலகை (மணிகள் இல்லாத, நெருக்கமான பாலிஸ்டைரீன் நுரைப் பலகை) பதிப்பதென்று பொறியாளரும் நானும் முடிவு செய்தோம். குடியிருப்புகளுக்கான எரிசக்தி விதித்தொகுப்பான ‘எகோ நிவாஸ் சம்ஹிதா 2018’, கூரையின் யு-மதிப்பு, அதாவது அதன் வழியே வெப்பம் கடக்கும் அளவு, 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது 3-க்கும் மேல் இருக்கும். இந்தப் பலகை சேர்ந்தால் ஏறக்குறைய 0.5-க்கு இறங்கிவிடும். எங்கள் மனையளவுக்கு அந்த விதி கட்டாயமில்லைதான். ஆனால் வேலூர் வெயில் மனையளவு பார்ப்பதில்லை.

கடையிலிருந்து வந்து இறங்கியதோ வெள்ளைப் பலகை. ஓரத்தை நகத்தால் கீறியதும் மணி மணியாக உதிர்ந்தது. டிவி பெட்டிக்குள் வருகிற அதே தெர்மாகோல். “ரெண்டும் ஒண்ணுதான் சார், இது ஹை டென்சிட்டி” என்று கடைக்காரர் சாதித்தார். வாதாடிப் பயனில்லை என்று எதிரிலிருந்த மளிகைக் கடைத் தராசில் ஒரு பலகையை வைத்தேன். 1.25 மீட்டர் நீளமும் 0.6 மீட்டர் அகலமும் கொண்ட அந்தப் பலகை, கன மீட்டருக்கு 32 கிலோ அடர்த்தி என்றால் 1.2 கிலோ இருக்க வேண்டும். தராசு 600 கிராமைக்கூடத் தொடவில்லை. அவ்வளவு லேசான பலகை மேலே போடும் கான்கிரீட்டின் பாரத்தில் அமுங்கி, டைல்ஸில் விரிசல் விட்டுவிடும். அதன் பிறகுதான் அவர் குரல் இறங்கியது. சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டவர், வண்டி வாடகையை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார். ரசீதில் ‘இன்சுலேஷன் ஷீட்’ என்று பொதுவாக எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். பொருளின் பெயர், கனம், அடர்த்தி மூன்றும் எழுத்தில் வந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும், இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்த சோதனையும் ஒழுங்காக முடிந்தன. அப்படிச் சோதித்த பூச்சின் மேலேயே, பலகை காற்றில் பறந்துவிடும் என்று சொல்லி, மேஸ்திரி ஆணியும் சுத்தியலுமாக வந்து நின்றார். அதைத் தடுத்ததும் ஒரு பசை டின்னைக் கொண்டுவந்தார். சால்வென்ட் (கரைப்பான்) கலந்த பசை எக்ஸ்பிஎஸ் பலகையைக் கரைத்துவிடும் என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. ஒரு துண்டில் தடவிக் காட்டினேன், தடவிய இடம் கண்ணெதிரே குழிந்து உள்ளே போனது. கடைசியில் எக்ஸ்பிஎஸ் பலகைகளை இடைவெளியின்றி அடுக்கி, இணைப்புகளில் டேப் ஒட்டி, மேலே ஜியோ துணி (கட்டுமானத்தில் பிரிப்படுக்காக விரிக்கும் செயற்கை இழைத் துணி) விரித்து, அன்றன்று அடுக்கியதை அன்றன்றே வாட்டம் பார்த்துக் கான்கிரீட் போட்டு மூடினோம். அதன் மேல் வெள்ளைக் கூலிங் டைல்ஸ்.

இந்த அக்னி நட்சத்திரத்தில் மேல்மாடிப் படுக்கையறை மின்விசிறி இரவில் அனலை இறக்கவில்லை. கைப்பிடிச் சுவரின் அடியில் பலகை செல்லாததால் அந்த ஓரம் மட்டும் இன்னும் சூடாகிறது. அந்தச் சுவரின் உட்புறத்திலும் ஓரடி உயரத்துக்குப் பலகை ஏற்றச் சொல்லி மேஸ்திரியிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், டைல்ஸ் ஒட்டிய பிறகு கேட்டால் உடைத்துத்தான் செய்ய வேண்டும் என்பார்.