நீர் வற்றும் நேரத்தில் ஒரு வரவேற்புரை

கடல் தாண்டிப் போவது மண்டபத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை நோய்த் தடுப்புக்காக நிறுத்திவைத்த முகாம் இங்கேதான் இருந்தது. மண்டபம் கேம்ப் என்ற பெயர் அந்தக் காலத்து மிச்சம். இன்று ஆப்பிரிக்கப் பக்கம் போவதற்காக நான் ராத்திரி ரயில் ஏறிச் சென்னைக்குப் போய், கிண்டி கிங் நிறுவனத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டை செல்லும். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று 2016இல் விதியை மாற்றினார்கள். அந்த மட்டும் நிம்மதி.

மூங்கில் மிதவையில் கடற்பாசி வளர்ப்பதைப் பெண்கள் குழுக்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மிதவை, அறுபது கிலோ விதைப்பாசி, நாற்பத்தைந்து நாளில் அறுவடை. (ஊரில் இதைப் 'பெப்சி பாசி' என்பார்கள். தொடக்கத்தில் பணம் போட்ட கம்பெனி போய்விட்டது, பெயர் போகவில்லை.) வாடை அடிக்கும் மாதங்களில் பாக் நீரிணையில் மிதவை நிற்காது. எனக்கு வெளிநாட்டுப் பயணம் வாய்ப்பதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். இதே தொழிலை வேறு கடலில் செய்பவர்களைப் பார்த்து, கற்றுக்கொடுத்து, கற்றுக்கொண்டு, அறிக்கை எழுதித் தர வேண்டும்.

தான்சானியாவின் சான்சிபார் தீவுக்குப் போகும் வழியில் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் விமானம் மாற வேண்டியிருந்தது. அது ஊட்டியைக் காட்டிலும் உயரமான ஊர் என்பது எனக்கு அங்கே போய் இறங்கிய பிறகுதான் உறைத்தது. கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த உடம்பு, ஒரு பருத்திப் புடவை, விடியாத நேரம். அந்தக் குளிரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

சுகங்களையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். காலையில் எழுந்தவுடன் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதில்லை. குளித்து வருவதற்குள் யாரோ படுக்கையைத் தட்டி விரித்திருக்கிறார்கள். "அக்கா, சாவி எங்கே?" என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய சங்கதி என்பது ஆண் அதிகாரிகள் எழுதும் பயணக் குறிப்புகளில் வராது. சாப்பாட்டிலும் குறையில்லை. தேங்காய்ப்பால் சோறு கீழக்கரை வீடுகளை நினைவூட்டியது. எங்கள் வீட்டுச் சட்டி பார்த்திராத பேய்க்கணவாயை (ஆக்டோபஸ்தான்) அங்கே தேங்காய்ப்பாலில் போட்டு, பல் வைத்தால் அறுபடும் பதத்துக்கு வேகவைக்கிறார்கள். முதல் நாள் தயங்கினேன். மறுநாள் நானே கேட்டு வாங்கினேன். அப்புறம் செலவுக்குத் தரும் தினப்படிப் பணம். அதில் மிச்சம் பிடிக்காத பணிப் பயணியை நான் இன்னும் பார்க்கவில்லை. எத்தனை பெரிய பதவியில் இருப்பவரானாலும் இரவு அறையில் ரொட்டியும் வாழைப்பழமும்தான்.

என்னை உறுத்தியது வேறு. விடுதி அறையின் கண்ணாடிக்கு அப்பால் கடல் தெரியும், ஜன்னல் திறக்காது. அலைச் சத்தம் கேட்காமல் தூங்க எனக்கு வரவில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். காலையில் வெள்ளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாக மரியாதை நிமித்தம் கூட்டிப்போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு இடத்திலும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, ஒரு தேநீர், ஒரு உரை. வெளியே கடல் வற்றிக்கொண்டிருக்கிறது.

அங்கே கடல் வற்றுவது சாதாரணக் காரியமல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் ஏறத்தாழ நான்கு மீட்டர் ஏறி இறங்கும். நம் பாக் நீரிணையில் ஒரு மீட்டர்கூட வராது. அதனால்தான் நமக்கு மிதவை, அவர்களுக்குக் குச்சி. வற்றிய தரையில் குச்சிகளை நட்டு, இடையே கயிறு கட்டி, கயிற்றில் பாசியை முடிகிறார்கள். 1989 முதல் அப்படித்தான். செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். நீர் திரும்பி வருவதற்குள் நட்டு, கட்டி, அறுத்து, சுமந்து கரையேறியாக வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்தாறு பெண்கள் கரையில் நின்றிருந்தார்கள். எங்களுக்காகக் காத்திருந்தார்களாம். அவர்களுக்குப் பின்னால் நீர் ஏறத் தொடங்கியிருந்தது. கழுத்தில் 'நிபுணர்' என்ற அட்டை தொங்க, நான் அவர்களுக்குக் கைகொடுத்தேன்.

மறுநாள் மொழிபெயர்ப்பாளர் வரத் தாமதமானது என் அதிர்ஷ்டம். சூரியன் உதித்த பிறகுதான் அங்கே மணிக் கணக்குத் தொடங்குகிறது. நம் காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி. என் பாட்டி சொல்லும் நாழிகையும் உதயத்திலிருந்து எண்ணுவதுதான் என்பதால் எனக்கு அது விசித்திரமாகத் தெரியவில்லை. சொன்ன நேரத்துக்குக் கரைக்கு வந்த பெண்களோடு நானும் இறங்கிவிட்டேன். கடல் முள்ளெலிக்குப் பயந்து ரப்பர் செருப்போடுதான். முழங்கால் அளவு நீரில் உட்கார்ந்ததும் மூத்தவர் ஒருவர் என் மடியில் ஒரு கயிற்றுக் கட்டைப் போட்டார். பாசியின் அடிக்கிளையைச் சுற்றி, இறுக்காமல் தளர்த்தாமல் ஒரு முடிச்சு. நான் கட்டியதை ஒரு இழு இழுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டை எடுத்துப் போட்டார்.

கிளை நுனி வெளுத்திருந்த பாசி கைக்கு வந்தபோது, எங்கள் முனைக்காட்டுப் பெண்கள் செய்வதைப் போலவே கட்டைவிரல் நகத்தால் வெளுத்த இடத்துக்குச் சற்றுக் கீழே கிள்ளி எறிந்தார். கடல் சூடேறினால் வரும் ஐஸ்-ஐஸ் நோய் அது. விலை அதிகம் போகும் வகை அங்கே இதனால்தான் நொடித்துப்போய், இப்போது பெரும்பாலும் விலை குறைந்த வகையை வளர்க்கிறார்கள். எங்கள் கரையிலும் 2013-14 வாக்கில் மிதவை மிதவையாகப் பாசி அழிந்தது. அவருக்கு என் மொழி தெரியாது. வெளுத்த நுனியைக் காட்டி, வானத்தைக் காட்டி, கையை விரித்தேன். அவர் தலையை ஆட்டி, கடலைப் பார்த்துத் துப்பினார். அந்தப் பயணத்தில் உருப்படியாக நடந்த கலந்துரையாடல் அதுதான் என்பேன். அறிக்கையில் அதற்கு இடமில்லை. படகு வாடகைக்கு ரசீது இல்லை, போர்டிங் பாஸின் ஒரு துண்டைக் காணவில்லை என்று பயணப்படிக் கோப்பு திரும்பி வந்த கதைக்கும் இடமில்லை.

எங்கள் கரைக்கும் இப்படிக் குழுக்கள் வருவதுண்டு. முன்பெல்லாம் நான்தான் முன்னின்று ஏற்பாடு செய்வேன்: பதினொரு மணிக்கு நிழலில் நாற்காலி, இளநீர், மாலை, நல்ல புடவை கட்டி வந்து உட்கார்ந்திருக்கும் பெண்கள். கடல் வேலையெல்லாம் காற்று எழும்புவதற்கு முன்பே, விடியலில் முடிந்திருக்கும். பார்க்க வந்தவர்களுக்குக் காய்ந்த பாசியும் கைதட்டலும்தான் மிஞ்சும். அன்றைய கூலி பெண்களுக்குப் போனது போனதுதான்.

அடுத்த மாதம் ஒரு குழு வருகிறது. காலை ஐந்தரை மணிக்கு முனைக்காட்டுக் கரையில் இருக்க வேண்டும், நனையக்கூடிய உடை அவசியம், உரைகள் கிடையாது என்று எழுதி அனுப்பினேன். எல்லாம் சரி, காலை உணவு எத்தனை மணிக்கு என்று கேட்டுப் பதில் வந்திருக்கிறது.