குளிர்ந்தால் கூப்பிடு

டிசம்பர் 1, ஞாயிறு

ஜனவரி 5 யாழ்ப்பாணம் போக ரிக்கற் போட்டாயிற்று. ஐந்து கிழமை. அம்மாவைப் பார்க்கும் சந்தோஷம் ஒரு பக்கம், கனடாவில், ஸ்காபரோவில் பூட்டிவிட்டுப் போகும் வீட்டை நினைத்தால் வரும் பயம் மறுபக்கம்.

போன ஜனவரியில் மூன்று நாள் மொன்றியல் கலியாணத்துக்குப் போய் வந்து கதவைத் திறந்தபோது, வீட்டுக்குள்ளேயே மூச்சு புகையாக வந்தது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றிருந்தது. வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் காற்றுக்குழாயைப் பனி அடைத்தால் அது தானே நின்றுவிடும் என்று அன்றுதான் அறிந்தேன். குசினிக் குழாய் வெடித்து, நிலக்கீழ் அறையில் கணுக்கால் அளவு தண்ணீர். அப்பாவின் படங்கள் இருந்த பெட்டி அங்கேதான் இருந்தது. போரால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய 1995 இடப்பெயர்வில் அம்மா சாவகச்சேரி வரை சுமந்து வந்த பெட்டி. பதினொரு படங்கள்தான் மிஞ்சின.

டிசம்பர் 7, சனி

வீடு குளிர்ந்தால் போனில் கூப்பிட்டுச் சொல்லும் கருவி வந்துவிட்டது. சோப்புப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. கரண்ட் வயர் ஒன்று, தொலைபேசி வயர் ஒன்று, உள்ளே 9 வோல்ட் பற்றரி, வெளியே நீளமான வயர் நுனியில் வெப்பநிலை உணரி. குறித்த அளவுக்குக் கீழே குளிர்ந்தாலோ கரண்ட் போனாலோ, பதிந்து வைத்த மூன்று எண்களுக்கும் வரிசையாக அழைக்கும். எடுத்தவர் சொன்ன இலக்கத்தை அழுத்தும்வரை விடாது.

வரும்போதே 7 பாகையில் வைத்திருந்தார்கள். நான் 10க்கு மாற்றினேன். அழைப்பு வந்து ஒருவர் எழுந்து, உடுத்தி, பனியில் நடந்து வர நேரம் வேண்டும்.

டிசம்பர் 8, ஞாயிறு

எங்கே வைப்பது என்று காலை முழுவதும் யோசனை. ஹோலில் வைத்தால் பார்க்க வசதி. ஆனால் ஹோல் சூடாக இருக்கும்போதே வடக்குச் சுவருக்குள் ஓடும் குழாய் உறைந்துவிடும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கிறது. வளரும் பனிக்கட்டிக்கும் பூட்டிய பைப்பின் வாய்க்கும் நடுவில் அகப்பட்ட தண்ணீர் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, பெரும்பாலும் அங்கேதான் குழாய் பிளக்கிறது. அதனால் உணரியைக் குசினித் தொட்டிக்குக் கீழே, அந்தச் சுவரோடு ஒட்டி வைத்தேன்.

அப்புறம் சோதனை. நிறைய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் நன்றாகக் கலக்கினால் 0 பாகை. உணரியைப் பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி அதில் இறக்கினேன். சில நிமிடத்தில் என் போன் அடித்தது. நெஞ்சு நிறைந்துவிட்டது.

டிசம்பர் 10, செவ்வாய்

நேற்றிரவு படுத்திருக்கும்போது ஒன்று உறைத்தது. எங்கள் வீட்டுப் போன் இப்போது இன்ரர்நெற் மோடம் வழியாக ஓடுகிறது. கரண்ட் போனால் மோடமும் போகும், கருவிக்குள் பற்றரி இருந்தும் பேச வழி இராது. எரிவாயு ஃபர்னஸும் காற்றாடி சுழல மின்சாரத்தை நம்பித்தான் இருக்கிறது. 2013 டிசம்பர் உறைமழையில் ரொறொன்ரோவில் மட்டும் சுமார் 3,00,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, பலருக்கு நாட்கணக்கில் வரவில்லை. கருவி மிக அவசியமாகும் இரவு அப்படிப்பட்ட இரவுதான்.

இன்று ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி மோடத்தை அதில் கொளுவினேன். மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். வீடு இருண்டது, மோடத்தின் விளக்கு எரிந்தது, ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. யூபிஎஸ் சில மணி நேரம்தான் தாங்கும். முதல் செய்தி போய்ச்சேர அது போதும்.

டிசம்பர் 14, சனி

பக்கத்து வீட்டு அக்காதான் முதல் எண். சோதனை அழைப்பை அவர் எடுத்தவுடனேயே வைத்துவிட்டார். இயந்திரக் குரல் என்றால் ஏமாற்று அழைப்பு என்று யாரும் நினைப்பார்கள். எங்கள் எண்ணை அவருடைய போனில் ‘பக்கத்து வீடு குளிர்’ என்று பதிந்து கொடுத்தேன். அழுத்த வேண்டிய இலக்கத்தை எழுதி அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். சாவியும், ஃபர்னஸ் திருத்துபவரின் எண்ணும் கொடுத்தாயிற்று. “தம்பி, கருவி கூப்பிடாவிட்டாலும் நான் நாளுக்கு ஒருக்காப் போய்ப் பார்ப்பன்” என்றார். எங்கள் காப்புறுதிப் பத்திரமும் அதையேதான் கேட்கிறது: தினமும் ஒருவர் பார்க்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரை நிறுத்தி குழாய்களை வெறுமையாக்க வேண்டும்.

ஜனவரி 4, சனி

மெயின் குழாயையும் பூட்டி, எல்லாப் பைப்பையும் திறந்து வடியவிட்டேன். வளைவுகளில் தேங்கியது உறைந்தாலும் குழாய் கீறிவிடும், திரும்பி வந்து திறக்கும்போது வெள்ளம் வரும். ஆகவே கருவி, வடியவிடுதல் இரண்டும் இருக்கட்டும். ஹீற்றை 16ல் விட்டேன். பதினொரு படங்களும் என் கைப்பையில்.

ஜனவரி 8, புதன், யாழ்ப்பாணம்

காலை எட்டரை. அங்கே நேற்றிரவு பத்து மணி. வீட்டு எண்ணை அழைத்தேன். நாலு முறை அடித்தபின் கருவி எடுத்தது, குசினிச் சுவரோரம் 13 பாகை, கரண்ட் இருக்கிறது என்றது. அம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். மடியில் படங்களோடு இருந்தவர் நிமிர்ந்து, “ஆர் பிள்ளை வீட்டில நிக்கிறது?” என்று கேட்டார்.

சொன்னேன். இன்னொரு தரம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.