பழைய பிக்கப்புக்கு டீசல் இன்ஜின்: அமெரிக்கா வந்த காரைக்குடிக்காரர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பட்டறைகளில் அம்பாசடரின் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இங்கே ஒரு பழைய ஷெவர்லேயோ ஃபோர்டோ வாங்கியதும் அதே ஆசை வரும். நியாயமான ஆசைதான். ஆனால் இன்ஜின் தேடுவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் குனிந்து பின் ஆக்ஸிலைப் பாருங்கள்.

பெட்ரோல் பிக்கப் பலவற்றில் அங்கே கிரவுன்-பினியன் விகிதம் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பது) 3.73 அல்லது 4.10 இருக்கும். மணிக்கு எத்தனை மைல் என்ற வேகத்தை விகிதத்தால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயரின் உயர அங்குலத்தால் வகுத்தால் டாப் கியரில் ஆர்.பி.எம். கிடைக்கும். 31 அங்குல டயர், 4.10, 65 மைல் என்றால் சுமார் 2,890. பலரும் தேடும் டீசல் இன்ஜினான கம்மின்ஸ் 6பிடியின் 160 குதிரைத்திறன் 2,500-லேயே முடிந்துவிடும்; ஹைவேயில் இன்ஜின் அலறுமே தவிர வண்டி போகாது. 3.55 போட்டால் அதே வேகத்தில் 2,500. அதோடு 0.75 ஓவர்டிரைவ் (இன்ஜினை மெதுவாகச் சுழலவிடும் கடைசி கியர்) உள்ள கியர்பாக்ஸ் சேர்ந்தால் 1,880-க்கு இறங்கும். டீசல் சுகமாக ஓடும் இடம் அதுதான்.

ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றிப் போகும் டாட்டா லாரிகள் பலவற்றில் கேட்ட கம்மின்ஸ் சத்தம்தான் இங்கே 1989 முதல் டாட்ஜ் பிக்கப்பிலும் கேட்கும். அதுதான் 6பிடி: 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், ஏறக்குறைய 500 கிலோ. முன் ஸ்பிரிங், ரேடியேட்டர், கிராஸ்மெம்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும் என்பதால் முக்கால் டன், ஒரு டன் எனப்படும் கனமான சேஸிஸுக்கு மட்டும் அதை நினையுங்கள். 1993 வரை வந்த, விஇ ரக டீசல் பம்ப் உள்ள இன்ஜின் ஓடுவதற்குச் சாவியிலிருந்து ஒரே ஒரு 12 வோல்ட் ஒயர் போதும். வயரிங்கில் கை பழகாதவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. 1994-98 பி7100 பம்ப் இன்னும் உறுதியானது, விலையும் அதற்கேற்றபடி. 1998 பாதியிலிருந்து வந்த 24 வால்வில் விபி44 பம்ப்: ஃபீட் பம்ப் தளர்ந்தால் மெயின் பம்ப் டீசல் கிடைக்காமல் காய்ந்து சாகும். எதை எடுத்தாலும், ஏற்றும் முன்பே டைமிங் கவரைத் திறந்து டவல் பின்னுக்குத் தடுப்புத் தகடு போட்டுவிடுங்கள். அந்தச் சிறு பின் நழுவிக் கியருக்குள் விழுந்து ஹவுசிங்கை உடைக்கும்.

ரொட்டி வேன்களிலிருந்து வரும் கம்மின்ஸ் 4பிடி 3.9 லிட்டர், 105 குதிரைத்திறன், சுமார் 350 கிலோ. நான்கு சிலிண்டர் என்பதால் சாதுவானது என்று நினைக்க வேண்டாம். பேலன்ஸ் ஷாஃப்ட் கிடையாது, ஐடிலில் ஸ்டீயரிங் வரை நடுங்கும். மவுண்டிங் ரப்பரில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது.

ஷெவர்லே வைத்திருப்பவர்களுக்கு 6.2 லிட்டர் வி8 டீசலைச் சொல்வோம். 350 கன அங்குலப் பெட்ரோல் இன்ஜினின் பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) அப்படியே பொருந்தும், 3,600 ஆர்.பி.எம். வரை ஏறுவதால் 4.10 ஆக்ஸிலையும் பொறுத்துக்கொள்ளும். 130 குதிரைத்திறன்தான், பாரம் இழுக்க ஆகாது, அன்றாட ஓட்டத்துக்குப் போதும். 1978-85 ஓல்ட்ஸ்மொபில் 5.7 டீசல் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஹெட் போல்ட் தாங்காது. டொயோட்டா போன்ற சிறு பிக்கப்புக்கு மெர்சிடிஸின் ஐந்து சிலிண்டர் ஓஎம்617 டர்போ பொருத்தம். ஓடும் இன்ஜினை அணைப்பது அதில் வேக்குவம்தான், அந்தக் குழாய்களை வெட்டிவிடாதீர்கள்.

வாங்கும்போது இன்ஜின் குளிர்ந்திருக்கும் நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடலாம். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, கவிழ்த்து, ஆயில் ஊற்றும் துளையின் மேல் வையுங்கள். தூக்கி எறிந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டனைத் தாண்டிக் காற்று கீழே கசிகிறது. முடிந்தால் முழு வண்டியாகவே வாங்குங்கள்: அடாப்டர், ஸ்டார்டர், மவுண்ட், ஆக்சிலரேட்டர் கேபிள் என்று தனித்தனியாகத் தேடினால் இன்ஜின் விலையைத் தாண்டிவிடும்.

பலர் மறப்பது பிரேக். பெட்ரோல் வண்டியில் பிரேக்கை லேசாக்கும் மேனிஃபோல்டு வேக்குவம் டீசலில் கிடையாது. வேக்குவம் பம்போ, பவர் ஸ்டீயரிங் பம்பின் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ரோபூஸ்டோ இல்லாமல் வண்டியைத் தெருவுக்கு எடுக்கவே கூடாது. டேங்கைக் கழற்றிக் கழுவி, டீசல் திரும்பி வர ரிட்டர்ன் லைனும், வாட்டர் செபரேட்டரும் போடுங்கள்.

ஊரில் ஆர்.சி. புக்கில் மாற்றி எழுதுவதுபோல இங்கேயும் காகிதம் உண்டு. மத்திய விதிப்படி ஏற்றும் இன்ஜின் வண்டியின் மாடல் ஆண்டோ அதற்குப் பிந்தியதோ ஆக, அதே ரக வண்டிக்குச் சான்று பெற்றதாக, புகைக் கட்டுப்பாட்டு உதிரிகளோடு இருக்க வேண்டும். கனரக இன்ஜினை லைட் டிரக்கில் ஏற்றுவது இங்கேதான் இடிக்கும். கலிஃபோர்னியா மிகக் கண்டிப்பு. பணம் கொடுக்கும் முன் உங்கள் மாநில வாகன அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பங்கில் சிவப்புச் சாயம் கலந்த டீசல் மலிவாகக் கிடைக்கும். அது டிராக்டருக்கு, வரி கட்டாதது. ரோட்டில் ஓடும் வண்டி டேங்கில் இருந்தால் அபராதம். காரைக்குடியில் டீசல் உறைந்ததை யாரும் பார்த்ததில்லை, இங்கே வடக்கு மாநிலங்களில் ஜனவரியில் மெழுகு கட்டி ஃபில்டர் அடைக்கும். பனிக்கால டீசல் போட்டு, இன்ஜினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரை இரவே பிளக்கில் செருகி வையுங்கள்.