வட்டம் வட்டமா வரல

ஜூன் 3, செவ்வாய்

பெரியவள் இன்று பதினொரு தாள்களைக் கசக்கிப் போட்டாள். பன்னிரண்டாவது தாள் கிழிந்தே போனது. அவ்வளவு அழுத்தி ரப்பரால் தேய்த்திருக்கிறாள். "வட்டம் வட்டமா வரலம்மா" என்று தேம்பினாள். நாலரை வயது. "எனக்கு நல்லாத்தானே தெரியுது கண்ணு" என்றேன். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். நம்பவில்லை. எப்படி நம்புவாள்? நேற்று சாயங்காலம் அவள் ஆசையாக மடித்து அடுக்கிய துணிகளை அவள் கண்ணெதிரே பிரித்து மறுபடி மடித்தவள் நான்தானே.

ஜூன் 4

சின்னவன் இன்றும் நடக்கவில்லை.

ஜூன் 6

தூக்கம் வராமல் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பெரியவளுக்கு மூன்று நோட்டு. எத்தனை மணிக்குப் பால், எத்தனை நிமிடம் தூக்கம், எத்தனை முறை ஈரம் மாற்றினேன், எல்லாம் மூன்று நிற மையில். ஒரு அடித்தல் இல்லை. சின்னவனுடைய நோட்டு ஐந்தாவது மாதத்தோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வெறும் பக்கங்கள். அந்த வெறும் பக்கங்களைப் பார்த்தால், அவன் நடக்காததற்கும் அவற்றுக்கும் ஏதோ தொடர்பு இருப்பதுபோல் நெஞ்சு அடைக்கிறது. இல்லை என்று தெரியும். தெரிந்தும் அடைக்கிறது.

ஜூன் 9

டாக்டரிடம் போனோம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிடிமானம் இல்லாமல் நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிகிறதாம். ஆரோக்கியமான குழந்தைகளுக்குள்ளேயே அத்தனை வித்தியாசம். "சோபாவைப் பிடிச்சிட்டு நடக்கிறான்ல? அப்புறம் என்னம்மா" என்று சிரித்தார்.

நிம்மதியாகத் திரும்பியிருக்க வேண்டும். வண்டியில் வரும்போதே விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டேன். இன்று அவனுக்கு 14 மாதம் 20 நாள். இன்னும் ஏறக்குறைய 90 நாள் இருக்கிறது. எனக்கு எல்லாமே கடைசித் தேதி ஆகிவிடுகிறது.

பெரியவளைப் பற்றியும் கேட்டேன். மூன்று வயதில் குழந்தை வட்டத்தைப் பார்த்து வரைகிறதா என்று பார்ப்பார்களாம், நாலில் கூட்டல் குறி, ஐந்தை ஒட்டி முக்கோணம். கோடு சுற்றி வந்து சேர்ந்தால் போதும், உருண்டையாக இருக்கிறதா என்று யாரும் அளப்பதில்லை என்றார்.

ஜூன் 10

ரப்பரை ஒளித்து வைத்தேன். எச்சில் தொட்டு விரலால் அழித்தாள்.

ஜூன் 14

இருவரும் தூங்கிய பிறகு படித்துக்கொண்டிருந்தேன். வின்னிகாட் என்று ஒரு ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளரும்கூட. 1953இல் ஒரு கட்டுரையில் 'போதுமான அளவு நல்ல அம்மா' என்று எழுதியிருக்கிறார். பச்சைக் குழந்தையின் தேவைக்கு முதலில் அம்மா ஏறக்குறைய முழுதாக வளைந்து கொடுக்கிறாள். பிறகு, குழந்தையால் தாங்க முடிகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் குறைத்துக்கொள்கிறாள். அந்தச் சின்னச் சின்னத் தவறல்களில்தான் தனக்கு வெளியே ஒரு உலகம் இருப்பது குழந்தைக்குப் பிடிபடுகிறதாம். கடைசிவரை ஒரு குறையும் வைக்காதவள் குழந்தையின் வழியில் நிற்கிறாள் என்றுதானே இதற்கு அர்த்தம்? நான்கு முறை படித்தேன்.

'போதும்' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. எங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தும் கேட்ட ஞாபகம் இல்லை. 'அடித்தல் திருத்தல் இல்லாம எழுது', இதுதான் கேட்டது. ஒரு சொல்லை அடித்துவிட்டால் அம்மா பக்கத்தையே கிழிக்கச் சொல்வாள். நடுப்பக்கத் தாள் என்றால் எதிர்ப்பக்கமும் சேர்ந்து உதிரும். சரியாக எழுதிய அந்தப் பக்கத்தையும் மறுபடி எழுதுவேன். ஏழு வயது இருக்கும்.

இந்தப் பத்தியையும் மூன்று தடவை அழித்து எழுதினேன்.

ஜூன் 17

தரை துடைத்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, பெரியவள் தண்ணீர்க் குடத்தைத் தட்டிவிட்டாள். கத்தினேன். எப்படிக் கத்தினேன் என்பதை எழுத மனம் வரவில்லை. அவள் அழவில்லை. மண்டி போட்டு, போட்டிருந்த பாவாடையாலேயே துடைத்தாள். துடைத்துவிட்டு, "இப்ப சரியா இருக்காம்மா?" என்று கேட்டாள்.

இரவு இவர், "விடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அந்த அப்புறத்தில் பார்க்கிற ஆள் எப்போதும் நானாகவே இருக்கிறேன். அதையும் சொன்னேன். சண்டை.

ஜூன் 18

காலையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து "நேத்து அம்மா கத்தினது தப்பு" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

இன்று முழுக்கக் கத்தவில்லை. கத்தாமல் இருக்க முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டே இருந்தேன். 1970களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்த சோதனை ஞாபகம் வந்தது. அம்மா இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் குழந்தை எதிரில் உட்கார வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். என் அமைதி அந்த மாதிரிதான் இருந்திருக்கும். கத்தியதைவிட இது மோசமோ?

அதே ட்ரோனிக்தான் இன்னொன்றும் சொல்கிறார். நன்றாக இருக்கிற அம்மாவும் குழந்தையும்கூட ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவது சுமார் 30 சதவீத நேரம்தான். மீதி நேரமெல்லாம் விலகுவதும் மறுபடி வந்து சேர்வதும். 30 என்ற எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூங்கும்போது அவளாகவே வந்து காலை என் மேல் போட்டுக்கொண்டாள்.

ஜூன் 21

அம்மாவிடம் போனில் பேசினேன். "ஏண்டி இப்படிக் கவலைப்படற, நீயே பதினாறு மாசத்துலதான் நடந்த" என்றாள். இத்தனை வருடத்தில் இதை ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தச் சூட்டில் நோட்டைக் கிழிக்க வைத்ததைக் கேட்டுவிட்டேன். அவளுக்கு ஞாபகமே இல்லை. "நானா? அப்படியா செஞ்சேன்?" கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம், "யாராவது ஒண்ணு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருந்திருக்கும்டி. அப்ப எனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றாள்.

கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. போனை வைக்கவும் முடியவில்லை.

ஜூன் 22

பெரியவள் மடித்த துணியை அப்படியே அலமாரியில் வைத்தேன். ஒரு சட்டையின் கை வெளியே தொங்கியது. பகலில் நான்கு தடவை போய்ப் பார்த்தேன். இரவு இரண்டு மணிக்கு எழுந்து போய் அதை உள்ளே தள்ளிவிட்டேன்.

ஜூன் 23

காலையில் அவள் அலமாரியைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கவனித்தாளா என்று தெரியவில்லை. நாள் முழுக்க அதே நினைப்பு.

ஜூன் 25

ஒரே தாளில் இருவரும் பேனாவால் வரைந்தோம். நான் வேண்டுமென்று கோணலாக வரையவில்லை, வேகமாகப் போட்ட வட்டம் கோணலாகத்தான் வந்தது. அவள் உற்றுப் பார்த்தாள். எழுந்து போய், நான் ஒளித்து வைத்த இடத்திலிருந்தே ரப்பரை எடுத்து வந்தாள். இத்தனை நாளாக இடம் தெரிந்தே இருந்திருக்கிறது.

"குடும்மா, நான் சரி பண்ணித் தரேன்."

என் குரலேதான். "அம்மா சரியா மடிச்சுத் தரேன், குடு" என்று நான் சொல்கிற அதே கனிவு, அதே இழுவை.

"இருக்கட்டும்மா, எனக்கு இது போதும்" என்றேன். சொல்லும்போது தொண்டை வறண்டது. ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். தாளை வாங்கிச் சுவரில் ஒட்டினேன். சாய்வாகத்தான் ஒட்டியிருக்கிறது.

ஜூன் 28

சோபாவிலிருந்து இரண்டு கையையும் எடுத்தான். நின்றான். உட்கார்ந்துவிட்டான்.

ஜூன் 29

சுவரில் இருந்த தாளை யாரோ நேராக்கியிருக்கிறார்கள். நான் இல்லை. கேட்கவும் இல்லை.

ஜூலை 2

இருவருக்கும் காய்ச்சல். துணி குவிந்து கிடக்கிறது. அலமாரிப் பக்கமே போகவில்லை.