பன்னிரண்டு வாரக் கெடு

ஆகஸ்ட் 4

இரத்தப் பரிசோதனைத் தாளில் எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 168. நூறுக்குள் இருக்க வேண்டும் என்று அதே தாளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். மருத்துவர் பன்னிரண்டு வாரம் கெடு கொடுத்திருக்கிறார். சாப்பாட்டையும் நடையையும் சீர்செய்தும் இறங்காவிட்டால் மாத்திரைதான் என்றார். அண்ணனுக்கு எந்த வயதில் மாரடைப்பு வந்தது என்று கேட்டார். 47 என்றேன். எனக்கு 48 நடப்பதை அவரே சீட்டில் பார்த்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 5

விடியற்காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றினேன். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்கியது. பயந்துபோய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11

மளிகைக்கடையில் அரைமணி நேரம் நின்று எண்ணெய்ப் பொட்டலங்களின் பின்பக்கத்தைப் படித்தேன். 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று முகப்பில் பெரிதாகப் போட்டிருப்பதை நம்பித்தான் இத்தனை ஆண்டுகள் வாங்கியிருக்கிறோம். செடிகொடியிலிருந்து எடுக்கும் எண்ணெயில் கொலஸ்ட்ரால் இருப்பதே இல்லை. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பை, ஏனென்றால் அது மிகுந்தால் இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்ளும் வேலையில் ஈரல் சுணங்கிவிடுகிறது. பாமாயிலில் அது ஏறத்தாழப் பாதி, தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல், கடலை எண்ணெயிலோ ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். கடலை எண்ணெய் வாங்கினேன். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கு வைத்துப் போத்தலில் கோடு போட்டிருக்கிறேன். அம்மா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 20

அண்ணன் அன்றிரவு வாயுத்தொல்லை என்றுதான் சொன்னார். கோலி சோடா கேட்டார். நான்தான் ஓடிப்போய் வாங்கி வந்தேன்.

செப்டம்பர் 3

வெண்டைக்காய் நறுக்கும்போது கத்தியோடு நூல்நூலாக எழும் அந்தக் கொழகொழப்பை இத்தனை நாள் மோர் விட்டுப் போக்கிக்கொண்டிருந்தேன். நீரில் கரையும் நார்ச்சத்து அதுவே. குடலுக்குள் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடுகிறது. குறைந்த பித்தத்தை மறுபடி உண்டாக்க ஈரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும், அதை அது இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. பாசிப்பயறு, கொண்டைக்கடலை, ஓட்ஸ் எல்லாம் இதே வேலையைச் செய்பவை. இன்று இரண்டு கை வெண்டைக்காயை அதிகமாகப் போட்டேன். இன்னும் எட்டு வாரம் இருக்கிறது.

செப்டம்பர் 18

புரட்டாசி பிறந்துவிட்டது, கறி மீன் கிடையாது, இனிக் கவலையில்லை என்று அம்மா சொன்னார். மதியம் உளுந்த வடை, மாலையில் பூரி. விரதம் கறியை விலக்குகிறதே தவிர எண்ணெய்ச் சட்டியை விலக்குவதில்லை என்று சொன்னதற்கு அம்மா முகம் வாடிவிட்டது. சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொல்லாமல் இருந்ததும் இந்த வீட்டில்தானே நடந்தது.

செப்டம்பர் 19

மூன்று சுற்று. உட்காரவில்லை.

அக்டோபர் 2

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களுக்கு எல்.டி.எல். உயரும் என்று மருத்துவர் சொன்னது இன்றெல்லாம் மனத்தில் ஓடியது. அப்படியானால் 168இல் எவ்வளவு வயதால் வந்தது, எவ்வளவு எண்ணெயால் வந்தது, எவ்வளவு அண்ணனுக்கும் எனக்கும் சேர்த்து அப்பா கொடுத்துவிட்டுப் போனது? பரம்பரையாய் வந்த பங்கை வெண்டைக்காயா கரைக்கும்?

அக்டோபர் 9

மதினியிடம் பேசினேன். தகப்பனுக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருந்தால் பிள்ளைகளும் இரத்தத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது, பையனுக்கு 22 ஆகிறது, ஒருமுறை பாருங்கள் என்றேன். மதினி பதில் சொல்லவில்லை. தட்டிலிருந்த முறுக்கை மட்டும் எடுத்து உள்ளே வைத்தார்.

அக்டோபர் 16

மழை. நடக்கவில்லை. மாடிப்படியில் இருபது முறை ஏறி இறங்கினேன். சோடாவை வாங்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டிருந்தால்.

அக்டோபர் 26

இரவு ஏழரைக்குச் சாப்பிட்டு முடித்தாயிற்று. இனித் தண்ணீர் மட்டும்.

அக்டோபர் 27

காலையில் இரத்தம் கொடுத்தேன். மாலை ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வெளியே வரும்போது மதினி தொலைபேசியில் அழைத்தார். பையன் நாளைக்கு வெறும் வயிற்றோடு வருகிறானாம், எங்கே வர வேண்டும் என்று கேட்டார்.